மயக்கம் என்னும் ஒரு சொல்: மூத்தோரின் உடல்நோயும் அறிதிறன் தளர்வும்



மொழியியல் பயின்ற ஒருவன் மருத்துவப் பொருளொன்றை எடுத்துக்கொண்டு உங்கள்முன் நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லன். எந்த மருந்தையும் பரிந்துரைக்கப் போவதில்லை. ஆயினும், முதியவர் ஒருவரின் சிந்தையில் நிகழும் மாற்றத்தை அறிய மருத்துவர் கையிலுள்ள முதற்கருவி மொழிதான். இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க ஒரு துளி இரத்தம் போதும். நினைவைப் பார்க்க வேண்டுமானால் கேள்வி கேட்க வேண்டும். விடையைச் செவிமடுக்க வேண்டும். அந்தக் கேள்வி எந்தத் தமிழில் கேட்கப்படுகிறது, அந்த விடை யாரால் எவ்வாறு மொழிபெயர்க்கப்படுகிறது என்பன என் துறைக்குள் வருகின்ற செய்திகள். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். வயதானால் வரும் இயல்பான மறதி ஒரு முனை. அன்றாட வாழ்வையே குலைத்துவிடும் முதுமைமறதி நோய், அதாவது டிமென்ஷியா, மறு முனை. இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. அந்நிலையில் இருப்பவர் தம் நினைவோ சிந்தனையோ முன்போல் இல்லை என்று தாமே உணர்வார். அல்லது வீட்டார் உணர்வர். சோதித்துப் பார்த்தால் அவர் வயதுக்கும் கல்விக்கும் எதிர்பார்ப்பதைவிட மதிப்பெண் குறைவாக இருக்கும். ஆனால், அவர் தாமே குளித்து, உண்டு, கடைக்குப் போய்த் தம் வேலைகளைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்வார். அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சன் குழுவினர் 1999இல் வெளியிட்ட கட்டுரை இந்நிலைக்கான அளவுகோல்களைப் பரவலாக்கியது. பின்னர் அவை விரிவாக்கப்பட்டன. நினைவு மட்டுமன்றி மொழித்திறன், கவனம், திட்டமிடல் ஆகியவற்றின் தளர்வும் இதனுள் அடங்கும்.

இதனைத் தமிழில் ‘லேசான அறிவாற்றல் குறைபாடு’ என்று எழுதிவருகிறார்கள். எனக்கு இத்தொடர் உவப்பில்லை. ‘அறிவு’ என்பது தமிழர் செவியில் வெறும் மூளைத்திறன் அன்று. அது ஒருவரின் தகுதி, பண்பு, மதிப்பு. எழுபது வயதுப் பெரியவரிடம் ‘உங்களுக்கு அறிவில் குறைபாடு’ என்று எழுதிக் கொடுத்தால் அவர் அடுத்த முறை மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார். ‘அறிதிறன் தளர்வு’ என்று சொல்லிப் பார்க்கிறேன். உடல் தளர்கிறது, நடை தளர்கிறது, பிடி தளர்கிறது என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். தளர்ந்தது சிலபோது மீண்டும் இறுகும் என்ற குறிப்பும் அச்சொல்லில் உண்டு. அது வெறும் ஆறுதல் பேச்சன்று. நினைவு மருத்துவத் துறைகளுக்கு வரும் இத்தகையோரில் ஆண்டுதோறும் 100 பேருக்கு 10 முதல் 15 பேர் வரை டிமென்ஷியா நிலைக்குச் செல்கின்றனர் என்பது பழைய கணக்கு. பொதுச் சமூகத்தில் அந்த விகிதம் இன்னும் குறைவு. பலர் அந்நிலையிலேயே நெடுங்காலம் இருக்கின்றனர். ஒரு பகுதியினர் இயல்பு நிலைக்கே திரும்புகின்றனர்.

எப்படித் திரும்புகின்றனர்? இங்குதான் உடல்நோய் வருகிறது.

மனித உடலின் எடையில் மூளை ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால், ஓய்வாக இருக்கும்போதும் உடல் பயன்படுத்தும் உயிர்வளியில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே உடலில் எங்கே தட்டுப்பாடு வந்தாலும் மூளைக்கு அது விரைவில் தெரிந்துவிடுகிறது. தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தச்சோகை, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, உறக்கத்தில் மூச்சடைப்பு, மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றும் சிந்தையை மந்தமாக்க வல்லவை. இவற்றுள் பலவும் மருத்துவத்தால் திருத்தக்கூடியவை. ‘வயசாகிப் போச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்னும் ஒற்றைத் தொடரால் இவை அனைத்தையும் நாம் மூடிவிடுகிறோம்.

நம் சமூகத்திற்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களிடையே நீரிழிவு இந்தியரில் 17.2 விழுக்காடு, மலாய்க்காரரில் 16.6, சீனரில் 9.7. நீரிழிவு பல ஆண்டுகளில் மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சிதைக்கிறது. இது மெல்ல நடப்பது. அந்நோய்க்கு மிகப் பரவலாகத் தரப்படும் மாத்திரை மெட்ஃபோர்மின். நல்ல மருந்து, அதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், நெடுநாள் உண்பவரிடம் அது பி12 உயிர்ச்சத்தைக் குறைக்கக்கூடும். பி12 இயற்கையில் விலங்குவழி உணவிலேதான் கிடைக்கிறது. இப்போது எண்ணிப் பாருங்கள்: மரக்கறி உணவு மட்டுமே உண்ணும் பாட்டி, பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு, நாள்தோறும் மெட்ஃபோர்மின். அவருக்குப் பாதம் மரத்துப்போகிறது, பெயர்கள் மறக்கின்றன. பாதத்தைச் சர்க்கரையின் கணக்கிலும் மறதியை வயதின் கணக்கிலும் எழுதிவிடுகிறோம். இரண்டுக்கும் பின்னால் பி12 குறைவும் இருக்கலாம் என்பதை ஓர் எளிய இரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.

மருந்துகளே மறதியைத் தருவதும் உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை மாத்திரைகள், சிறுநீர் அடங்காமைக்குத் தரும் சில மருந்துகள் ஆகியன மூளையில் நினைவுக்குத் துணைபுரியும் அசெட்டில்கோலின் என்னும் வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. இளைஞர் ஒருவர் அதை உண்டால் சற்றே உறங்கி எழுவார். முதியவருக்கோ நாள்முழுதும் குழப்பம் நீடிக்கலாம்.

செவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிமென்ஷியாவைப் பற்றி ஆராயும் லான்செட் இதழின் வல்லுநர் குழு, 2024இல் மாற்றத்தக்க 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவை அனைத்தையும் களைய முடிந்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு நேர்வுகளைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. அப்பட்டியலில் கேட்டல் குறைவும் ஒன்று. 2023இல் அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் செவிப்பொறி அளித்து அனைவரையும் மூன்றாண்டுகள் கண்காணித்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பயன் தெரியவில்லை. ஆனால், ஏற்கெனவே இடர் மிகுந்திருந்த பிரிவினரிடம் அறிதிறன் சரிவு 48 விழுக்காடு மட்டுப்பட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாளிதழ்கள் இரண்டாவதை மட்டுமே சொல்லும். இரத்த அழுத்தத்திலும் இதே நிலைதான். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மேல் அழுத்தத்தை 140க்குக் கீழே என்பதற்கு மாறாக 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களிடம் அறிதிறன் தளர்வு 19 விழுக்காடு குறைந்ததைக் கண்டது. அதில் நீரிழிவு உள்ளோர் சேர்க்கப்படவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. நம்மவருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை அவரவர் மருத்துவரே சொல்ல வேண்டும்.

இனி என் துறைக்குத் திரும்புகிறேன்.

தமிழ் முதியவர் மருத்துவரிடம் மிகுதியாகச் சொல்லும் சொற்களுள் ஒன்று ‘மயக்கம்’. நம் இலக்கண மரபில் இச்சொல்லுக்குக் கலத்தல் என்று பொருள். தொல்காப்பிய நூன்மரபில் மெய்ம்மயக்கம் உண்டு. சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என ஓர் இயலே உண்டு. பேச்சு வழக்கிலோ, தலைசுற்றுவதும் மயக்கம், நினைவிழந்து விழுவதும் மயக்கம், இன்னதென்று தெளியாமல் குழம்புவதும் மயக்கம், மருந்தால் அசதியாக இருப்பதும் மயக்கம். ‘காலையிலேருந்து ஒரே மயக்கமா இருக்கு’ என்று பாட்டி சொல்கிறார். அருகிலிருப்பவர் அதை ஆங்கிலத்தில் தலைசுற்றல் என்று மொழிபெயர்க்கிறார். மருத்துவர் காதையும் இரத்த அழுத்தத்தையும் சோதிக்கிறார். பாட்டி சொல்ல வந்ததோ தாம் எங்கே இருக்கிறோம் என்பதே சிறிது நேரம் தெரியவில்லை என்பது. சர்க்கரை அளவு தாழ்ந்திருந்தால் இந்த ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பில் ஓர் உயிர் தொங்குகிறது. ‘கிறுகிறுப்பா, கண் இருட்டுதா, இல்லை ஒண்ணும் புரியாம இருக்கா?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும்.

இன்னொரு சொல்லை நாம் இழந்துவருகிறோம். காய்ச்சலில் முதியவர் திடீரென்று பிதற்றத் தொடங்கினால் நம் முன்னோர் ‘சன்னி கண்டுவிட்டது’ என்றனர். ‘ஜன்னி’ என்றும் சொல்வதுண்டு. அச்சொல்லுக்கு வேறு நோய்ப் பொருள்களும் உண்டெனினும், இக்கருத்து மிகச் சரியானது: உடலில் நோய் மூண்டதால், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ சிந்தை கலங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது, இரவில் மிகுகிறது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் அழற்சி, நீர் வற்றுதல், மலச்சிக்கல், அறுவைச் சிகிச்சை, புதிய மருந்து ஆகியவற்றுள் எதுவும் இதைத் தூண்டலாம். அறிதிறன் தளர்வு ஏற்கெனவே உள்ளவருக்கு இது எளிதில் வரும். பழஞ்சொல் கையில் இருந்தபோது, திடீரென வந்த குழப்பத்தை உடனே வைத்தியம் வேண்டும் நோயாகக் கருதினோம். இன்று இரண்டையும் ‘மறதி’ என்ற ஒரே பெட்டியில் போடுகிறோம். மாதக்கணக்கில் மெல்ல வருவது வேறு. செவ்வாய்க்கிழமை நன்றாயிருந்தவர் வியாழக்கிழமை குழம்புவது வேறு. பின்னது அவசர நிலை.

யாழ்ப்பாணத் தமிழில் ‘அறளை பெயர்தல்’ என்பார்கள். நம் வட்டாரத்து மலாய் மொழியில் ‘ஞாஞோக்’. இரண்டுமே முதுமைத் தடுமாற்றத்தைக் குறிப்பன. இரண்டிலுமே சிறிது ஏளனம் கலந்திருக்கிறது. நடுநிலையான இலேசான தளர்வைச் சொல்ல நாட்டு வழக்கில் சொல்லில்லை என்பதைக் கவனியுங்கள். சொல் இல்லாத நிலையை யாரும் மருத்துவரிடம் கொண்டுபோவதில்லை.

சோதனைத் தாள்களுக்கு வருவோம். உலகெங்கும் பயன்படும் இரு சோதனைகளுள் ஒன்று ஃபோல்ஸ்டீன் குழுவினர் 1975இல் அமைத்தது. மற்றொன்று கனடாவின் நஸ்ரடீன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ‘மோக்கா’. இரண்டுக்கும் மொத்தம் 30 மதிப்பெண். முதற்சோதனையில் ‘இது எந்தப் பருவம்?’ என்றொரு கேள்வி. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக வாழும் நமக்கு அதற்கு என்ன விடை? அதே சோதனையில், ஆங்கிலத்தில் தனித்தனியே நிற்கும் மூன்று சிறு சொற்களை அடுக்கிய தொடரைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள்: ‘ஆல்’ என்னும் நிபந்தனை, ‘உம்’ என்னும் இணைப்பு, ‘ஆனால்’ என்னும் மறுதலிப்பு. நாக்கு இடறுகிறதா என்று பார்ப்பதே அதன் நோக்கம். தமிழிலோ முன்னிரண்டும் ஒட்டுகள். தனித்து நிற்க மாட்டா. நேர்மொழிபெயர்ப்பில் அந்தத் தொடர் தன் வேலையையே இழந்துவிடுகிறது.

மோக்காவில் ஒரு நிமிடத்தில் குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களே, ‘ப’வில் தொடங்கும் சொற்கள் என்று கேட்டால் ‘பாம்பு’ சேருமா? ‘பூனை’? ஆங்கிலத்தில் எழுத்து என்பது ஒற்றை ஒலியின் குறி. தமிழில் ‘ப’வும் ‘பா’வும் ‘பூ’வும் வெவ்வேறு எழுத்துகள், 247இல் தனித்தனி உறுப்பினர்கள். இலக்கணம் நன்கு கற்ற பெரியவர் ‘பல், படம், பணம், பந்து’ என்று ‘ப’வுக்குள்ளேயே நின்று எண்ணிக்கையில் தோற்பார். கற்காதவர் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டு வெல்வார். எழுத்தே அறியாத பாட்டிக்கோ அக்கேள்வியே பொருளற்றது. எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்கச் சொல்லும் பகுதியும் அத்தகையதே. ‘விலங்குகளின் பெயர்களைச் சொல்லுங்கள்’ என்று கேட்பது இவற்றினும் நேர்மையானது. இத்தகைய சிக்கல்களை உணர்ந்து சோதனைகளைத் தமிழுக்கு ஏற்ப அமைக்க முயன்றவர்கள் உண்டு. ஆனால், பெட்டிக்குள் இருக்கும் தாள் சரியாக இருந்தாலும் கேட்பவரின் தமிழ் சரியாக இருக்க வேண்டுமே.

என் அத்தை ஒருவர், எண்பதை நெருங்கியவர், ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்து மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். இளம் உதவியாளர் ஒருவர், மிகுந்த மரியாதையோடு, ‘தாங்கள் தற்போது எவ்விடத்தில் இருக்கிறீர்கள்?’ என்று வினவினார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்து, ‘இங்ஙனத்தான் இருக்கேன்’ என்றார். தாளில் சுழியம் விழுந்தது. நான் குனிந்து, ‘அத்தை, இது என்னா எடம்?’ என்றேன். ‘ஆஸ்பத்திரி. ஏன், ஒனக்குத் தெரியாதா?’ என்று வந்தது விடை. உதவியாளர் சிரித்துவிட்டார், எண்ணையும் திருத்திக்கொண்டார். அவர்மேல் குறையில்லை. நாம் பள்ளியில் கற்பித்த தமிழைத்தான் அவர் பேசினார். அதனால்தான் பாடத்திட்டம் பேச்சுத்தமிழுக்கு இடம் தந்தபோது நான் மகிழ்ந்தேன். அதை ‘தரங்குறைந்த தமிழ்’ என்று இன்றும் முணுமுணுக்கும் நண்பர்களை நான் இப்படியொரு கட்டிலின் அருகே நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன்.

சோதனைத் தாளுக்கு முன்பே பேச்சு தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. தளர்வு தொடங்குமிடத்தில் பெயர்ச்சொற்கள் முதலில் நழுவுகின்றன. அவ்விடத்தைச் சுட்டுச்சொற்கள் நிரப்புகின்றன. ‘அந்த இதை எடுத்து இதுல வை’ என்பது நாம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால், நாள்தோறும், முன்பு சரளமாகப் பெயர் சொன்னவரிடம் இது கூடிக்கொண்டே போனால் கவனிக்க வேண்டும். வினைமுற்றின் விகுதிகள் பெரும்பாலும் பிழையின்றி நிற்கும். ஆதலால், பேச்சு இலக்கணச் சுத்தமாக இருக்கிறது என்று நாம் ஏமாந்துவிடுகிறோம். ஆங்கில நாவலாசிரியர் ஐரிஸ் மர்டோக்கின் கடைசி நாவல் 1995இல் வந்தது. அப்போது அவருக்கு நோய் கண்டறியப்படவில்லை. பின்னர் 2005இல் அவருடைய நாவல்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இறுதி நாவலில் தொடரமைப்பு அவ்வளவாகக் குலையாதிருக்கச் சொல்வளம் சுருங்கியிருந்ததைக் கண்டனர்.

இருமொழியாளர் பற்றிய ஆய்வு ஒன்றும் உங்களுக்குப் பயன்படும். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும் டிமென்ஷியா நோயாளர் 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியோருக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் பிந்தியே வெளிப்பட்டது என்று கண்டனர். எழுத்தறியாதவரிடமும் அவ்வேறுபாடு இருந்தது. இதைக் கேட்டு வேறு மொழி படித்தால் நோய் வராது என்று எழுதிவிடாதீர்கள். எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. தமிழும் சந்தை மலாயும் கொஞ்சம் ஹொக்கியனும் பேசி வளர்ந்த நம் மூத்த தலைமுறை தளரும்போது, பிந்திக் கற்ற மொழிகள் முன்னே கைநழுவிப் பிறந்த மொழி எஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. அந்நேரத்தில் வீட்டில் தமிழ் பேச யார் இருக்கிறார்கள்? மகனும் மருமகளும் வேலையில், பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில், நாள்முழுதும் உடனிருக்கும் இல்லப் பணிப்பெண் வேற்று நாட்டவர். பாட்டியின் பேச்சில் பெயர்ச்சொற்கள் குறைவதை அறியக்கூடிய செவி அவ்வீட்டில் இல்லை.

எதிர்த்திசையிலும் நோக்க வேண்டும். உடல்நோய் சிந்தையைத் தளர்த்துவதுபோல், தளர்ந்த சிந்தை உடல்நோயை முற்றச் செய்கிறது. காலையில் போட்ட இன்சுலினை மறந்து மறுபடி போடுவோர் உண்டு. வலியைச் சொல்லத் தெரியாமல் எரிச்சலாக வெளிப்படுத்துவோர் உண்டு. மருத்துவரிடம் ‘எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்’ என்பார்கள். பொய்யன்று, அவர்கள் நினைவு அப்படிச் சொல்கிறது. வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மாணவர்களே, உங்களில் பலர் பலதுறை மருந்தகத்தில் பாட்டி தாத்தாவுக்கு மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருப்பீர்கள். அது கடினமான பணி. சிறுநீர் அடங்கவில்லை என்பதைப் பேரனிடம் சொல்லத் தாத்தா கூசுவார். ‘அப்படியொன்றும் மறப்பதில்லை’ என்று நீங்களும் அன்பினால் மென்மையாக்குவீர்கள். முடிந்தால் பெரியவர் ஒருவரையோ மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரையோ கேளுங்கள். நீங்களே செய்ய நேர்ந்தால், அவர் சொன்ன சொல்லை முதலில் அப்படியே சொல்லிவிட்டு, அதன் பொருள் எனக்கு உறுதியில்லை என்று சேர்த்துச் சொல்லுங்கள். புறப்படும்போது அவருடைய மூக்குக்கண்ணாடியையும் செவிப்பொறியையும், நாட்டு மருந்து உட்பட அவர் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். மாற்றம் எப்போது தொடங்கியது, திடீரென்றா மெல்லவா என்பதைத் தேதியுடன் எழுதிக்கொண்டு போங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உயர்நிலை மாணவர்க்கு ஒப்படைப்பாக, அவரவர் வீட்டு முதியோர் நோயைச் சொல்லும் சொற்களைத் திரட்டச் செய்யுங்கள்: மயக்கம், கிறுகிறுப்பு, அசதி, படபடப்பு, விறுவிறுப்பு, குடைச்சல். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கொள்ளும் பொருளை அவர்கள் பேச்சிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து செய்தால் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர்க்குக் கொடுக்கத்தக்க ஒரு சிறு சொற்பட்டியல் ஓராண்டில் உருவாகிவிடும். தொகுத்துச் சரிபார்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வினாக்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.